பதினோரு பேருக்குப் பழகிய கை

திருச்செங்கோடு
16.03.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நர்மதா எழுதிக்கொள்வது. நானும் பாப்பாவும் அத்தையும் இரண்டு மாடுகளும் சௌக்கியம். நீங்களும் போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் போனில் நான் பேசினால் கூட இருக்கும் பத்துப் பேரும் கேட்கிறார்கள். முந்தாநாள் "ஆர்டர் வந்திருச்சுங்க" என்று நான் சொன்னதும் உங்களுக்கு முன்னால் டிரில்லர் அண்ணன் "சந்தோசம் தங்கச்சி" என்கிறார். அவர் சொல்லி முடித்த பிறகு நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "நீ போயிட்டா ஊட்டுல சோறாக்கறது ஆரு?" என்று கேட்டீர்கள். கேட்ட கையோடு போனையும் வைத்துவிட்டீர்கள். டவர் போய்விட்டது என்று கதை சொல்லாதீர்கள். டவர் போனால் கொரகொரவென்று சத்தம் வரும். இது நீங்களாக வைத்தது, எனக்குத் தெரியும்.

மூன்று தடவை எழுதித் தோற்ற பரீட்சை மாமா இது. ஒரு கையில் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டு, ஒரு கையில் புத்தகம் பிடித்துப் படித்தேன். மேட்டூரில் அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலை. இங்கிருந்து சங்ககிரி, எடப்பாடி என்று பஸ் மாறித் தினமும் போய் வந்தால் உடம்பு தாங்காது. அங்கேயே ஒரு வீடு பிடித்து நானும் பாப்பாவும் இருக்கலாம். சனி, ஞாயிறு இங்கே வந்துவிடலாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வரை பாப்பா அத்தையிடமே இருக்கட்டும்.

அத்தைக்குக் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. காடு கரை எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். ஆனால் நான் வாக்கப்பட்டு வந்த மறுநாளிலிருந்து அவர் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. மருமகள் வந்தால் கரண்டி கை மாறிவிடும், நம் பக்கம் அப்படித்தான். அத்தையிடம் வேலை விஷயம் சொன்னேன். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு பால் பீய்ச்சப் போய்விட்டார். எனக்குத்தான் திக்கென்று இருக்கிறது.

சோறாக்கறது ஆரு என்று கேட்டது வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கிணறு வற்றி வெள்ளாமை குறைந்துபோன வருஷத்திலிருந்து ரிக் வண்டியில் பதினோரு பேருக்குச் சோறாக்கிப் போடுகிறவர் நீங்கள். ஊருக்கு வந்தால் மட்டும் தண்ணீர்ச் சொம்பைக்கூட யாராவது எடுத்து நீட்ட வேண்டும் உங்களுக்கு.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை போய்விடும். நீங்கள் "போ" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். வண்டி மேனேஜர் சண்முகவேல் அண்ணன் சாமான் ஏற்றிக்கொண்டு அங்கே கிளம்புகிறார். அவரிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் வார்த்தைக்கு வழி பார்த்திருக்கும்
நர்மதா


ராய்ப்பூர் தாண்டி, சத்தீஸ்கர்
25.03.2025

அன்பு நர்மதா அம்மிணிக்கு,

குமரகுரு எழுதுவது. நான் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

சண்முகவேல் அண்ணன் உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் நீட்டினார். லவ் லெட்டர் வந்திருக்கிறது என்று ஒரே கூச்சல். பிடுங்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய்ப் படித்தேன்.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைக்காதே. நீ போனில் சொன்ன அன்றைக்கு மத்தியானம் பாயசம் வைத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சர்க்கரை மீந்து கிடந்தது என்று சொல்லிவிட்டேன். நான் என்ன கல்லா?

ஆனால் அம்மாவை நினைத்துப் பார். அப்பா போன பிறகு ஒண்டியாக இருக்கிறாள். இந்த வயசில் அவளை அடுப்பில் நிறுத்தினால் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் என்ன பேசுவார்கள்? திருச்செங்கோட்டிலேயே போடச் சொல்லி எழுதிப் பார். முடியாது என்றால் விடு, அடுத்த பரீட்சை வராமலா போகும்.

நான் வண்டியில் ஆக்குவதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். இது வேலை நர்மதா. வீட்டில் ஆம்பளை அடுப்படியில் நின்றால் அதற்குப் பேர் வேறு. அதுவும் இந்த வேலை நீ நினைக்கிற மாதிரி லேசு இல்லை. என் பாட்டைக் கேள். கிழக்கு வெளுக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்னங்ணா?" புளிக்குழம்பு என்றால் "மறுக்காவுமா?" என்று மூஞ்சியைச் சுளிக்கிறார்கள். உப்பு ஒரு கல் கூடிவிட்டால் பத்துப் பேருக்கும் வாய் முளைத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், தின்றுவிட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். எல்லோரும் தின்று முடித்து நான் உட்காரும்போது சட்டியில் அடிமண்டிதான் கிடக்கிறது. வாயில் வைப்பதற்குள் டீ போடும் நேரம் வந்துவிடுகிறது. நீ சாப்பிட்டாயா என்று ஒருத்தன் கேட்டதில்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. டிரில்லர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பரவாயில்லையே, மனுஷன் விசாரிக்கிறாரே என்று மனசு குளிர்ந்துவிட்டது. "மேலு கொதிக்குதுங்ணா, அப்ப மத்தியானத்துக்கு ரசம் மட்டும் வெச்சுருங்க, போதும்" என்கிறார்.

ஆக்குவதுகூடக் கஷ்டமில்லை. நாளைக்கு என்ன ஆக்குவது, நாளன்னிக்கு என்ன ஆக்குவது என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்கிறது. இதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது?

பாப்பாவுக்கு முத்தம். அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே.

உன்
குமரகுரு


திருச்செங்கோடு
01.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏப்ரல் ஒன்றாம் தேதிக்காக எழுதியிருக்கிறீர்களோ என்று தேதியைத் திருப்பிப் பார்த்தேன். உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று என்னைப் பார்த்து எழுதியிருக்கிறீர்களே மாமா, பேனா எப்படி நகர்ந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள், அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு என்னங்ணா" வந்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். அடிமண்டி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். காய்ச்சலும் ரசமும் வந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அட என்ற சாமி! நானும் உங்கொம்மாளும் காலமெல்லாம் சொல்லாம வெச்சிருந்ததை ஒண்ணு விடாம இவன் எழுதியிருக்கறானே" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இவனைப் பெத்துப் பத்தாம் நாளு அடுப்புல நின்னேன் அம்மிணி. ரசம் மட்டும் போதும்னு சொல்லக்கூட அன்னைக்கு ஆளில்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவே இல்லை. அத்தை இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "என்ற மாமியா காலத்துல ஒரு வேளை அடுப்பு எரிஞ்சாப் போதும். கம்மஞ்சோறு ஆக்கி வெச்சா மறுநா மத்தியானம் வரைக்கும் கரைச்சுக் குடிப்பாங்க. ஆனா கம்பு குத்தறதுலயே நெஞ்சு காஞ்சு போயிரும். இட்லிங்கறது நோம்பி, தீபாவளிக்குத்தான். அப்பறம் மில்லு வந்துது, கிரைண்டர் வந்துது, மிக்சி வந்துது. இனி உங்களுக்கு வேலையே இல்லைன்னாங்க. வேலை எங்க போச்சு? காத்தால இட்லி, பொழுதோட தோசை, தொட்டுக்க ரெண்டு சட்னின்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்க மாமனாருக்குப் பழசு எறங்காமப் போனதே மிக்சி வந்த பொறவுதான்" என்றார்.

உங்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. இந்த எட்டு வருஷத்தில் நான் சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல் விட்டதை நீங்கள் அழகாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் பத்திக்கொண்டு கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. காய்ச்சலோடு எழுந்து ரசம் வைத்தீர்களா மாமா? மாத்திரை போட்டீர்களா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். குலதெய்வத்துக்குக் கெடா வெட்டினால் ஆக்குவது நீங்கள் ஆம்பளைகள்தான். அண்டா முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் மானம் போவதில்லை. ஊருக்கே ஆக்கலாம், வண்டிக்கு ஆக்கலாம், பெண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் ஆக்கினால் மட்டும் பேர் வேறா?

அத்தை என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு நான் ஆக்கிக்கறேன். என்ற பேரைச் சொல்லி உன்னைய நிறுத்தி வெக்க வேண்டாம்னு அவனுக்கு எழுது." ஆகையால் இனிமேல் அத்தையைக் காரணம் சொல்ல முடியாது. உங்களுக்கு வேறென்ன தடை என்று நேராக எழுதுங்கள்.

காய்ச்சல் விட்டதா என்றும் எழுதவும்.

நர்மதா


சத்தீஸ்கர்
09.04.2025

நர்மதாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது.

புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை வீட்டில் கூட்டம் போட்டுப் படித்துச் சிரிப்பதற்கு உனக்கு எப்படி மனசு வந்தது? அம்மா முன்னால் நான் இனி எந்த முகத்தோடு வந்து நிற்பது?

நேராக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். என் பெரியப்பா மகன் காளியண்ணனை உனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு நாலு பேர் மத்தியில் "ஏண்டா, சோறாக்கற உத்தியோகம் எப்பிடிப் போவுது?" என்றான். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய? நிலம் இருந்தும் தண்ணீர் இல்லாதவன். இப்போது நீ ஆபீசர் ஆகி மேட்டூருக்குப் போய், லீவுக்கு நானும் அங்கே வந்து உட்கார்ந்தால் என்ன சொல்வான்? பெண்டாட்டி ஆபீசுக்குப் போகிறாள், இவன் அங்கேயும் சோறாக்குகிறான் என்பான். வண்டியில் என்ன ஆக்கினாலும், என் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து ஒருத்தி போட்டுத் தின்றால்தான் நான் ஆம்பளை என்று எனக்கே தோன்றுகிறது. அந்த ஒன்றும் போய்விட்டால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

போவதென்றால் போ. தடுக்க மாட்டேன். ஆனால் லீவு விட்டால் நான் என் வீட்டுக்குத்தான் வருவேன். மேட்டூருக்கு வர மாட்டேன்.

குமரகுரு


மேட்டூர்
21.04.2025, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று காலை வேலையில் சேர்ந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. மாட்டுக்கொட்டாயில் நின்று அழுதேன். காளியண்ணன் மச்சான் கேட்டதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. அந்தத் தீபாவளிக்கு நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் எழுந்தீர்கள், குழம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்து நான் நொந்துகொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரவர் வெசனத்தை அவரவர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனால் மாமா, அவர் வாயை மூட என்னை வீட்டில் உட்கார வைத்தால் அவர் வாய் மூடிவிடுமா? நான் ஆக்கிப் போட்டால்தான் நீங்கள் ஆம்பளை என்றால், அந்தப் பாரம் முழுக்க என் தலையில் அல்லவா இருக்கிறது? எனக்கு அது வேண்டாம். உங்கள் மேல் இருக்கிற பிரியம் வேறு, இது வேறு.

"போ" என்று நீங்கள் மனசார எழுதவில்லை. எழுதாமலே வந்துவிட்டேன். இதற்காக மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அத்தை பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். பாப்பா "அம்மா டாட்டா" என்று சிரித்துக்கொண்டே கை காட்டினாள். நான்தான் சங்ககிரி வரை அழுதுகொண்டு வந்தேன்.

இன்றைக்கு மத்தியானம் மணியடித்ததும் எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். நானும் திறந்தேன். முதல் வாய் வைத்த பிறகுதான் உறைத்தது. யார் சாப்பிட்டார்கள், யாருக்குப் பத்தவில்லை, யாருக்கு இன்னும் போட வேண்டும் என்று பார்க்காமல் நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வெறும் தயிர்சோறும் ஊறுகாயும்தான். நெம்ப ருசியாக இருந்தது.

வீடு மாடியில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி. உங்களுக்கும் சேர்த்துத்தான் பிடித்தேன். நீங்கள் வராவிட்டால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் வந்து பார்ப்பேன். ஆனால் வேலையை விட்டுவிட்டு வர மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்மதா


மேட்டூர்
25.05.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சண்முகவேல் அண்ணன் அங்கே போய்த் திரும்பிவிட்டார். நீங்கள் எனக்கு ஏதாவது கொடுத்தனுப்பினீர்களா என்று அவரைக் கேட்டேன். "ஒண்ணும் தரலீங்களே தங்கச்சி" என்று சங்கடப்பட்டார். இனிமேல் அவரைக் கேட்க மாட்டேன்.

போனில் பாப்பாவிடம் பேசுகிறீர்களாம், அத்தை சொன்னார். அதுவாவது நடக்கட்டும். எனக்கு எழுத மனசில்லாவிட்டால் வேண்டாம். மழை பிடிக்கும் முன் வண்டி ஊர் திரும்பும்போது பத்திரமாக வந்து சேருங்கள்.

நர்மதா


திருச்செங்கோடு
18.06.2025, புதன்

அன்பு நர்மதாவுக்கு,

வண்டி ஊர் திரும்பிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். நீயும் பாப்பாவும் இந்த வாரம் வரவில்லை என்று அம்மா சொன்னாள். நான் இருப்பதால்தான் வரவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். இங்கே நடந்ததை உனக்கு நான் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாய். உன் சிரிப்பை நேரில் பார்க்கும் நாளுக்கு மிச்சம் வைக்கத்தான் எழுதுகிறேன்.

வந்ததும் நடந்ததைக் கேள். நல்ல பசி. அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "வாடா சாமி, எளைச்சுப் போயிட்டியே" என்றாள். சரி, தட்டு வரும் என்று கால் நீட்டி உட்கார்ந்தேன். வரவில்லை. சோறு என்றேன். "நான் காத்தாலயே ஆக்கித் தின்னுட்டேன். எனக்கு இப்பெல்லாம் ஒரு வேளை ஆக்குனாப் போதும். உனக்குப் பசிச்சா அடுப்பு அங்கதான் இருக்குது" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டாள்.

கோபத்தோடுதான் அடுப்படிக்குள் போனேன். நான் பிறந்து வளர்ந்த வீடு நர்மதா. அதில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். நீ எங்கே எதை வைத்திருந்தாய், எந்த வரிசையில் வைத்திருந்தாய், ஒன்றும் தெரியவில்லை. எட்டு வருஷம் நீ நின்ற இடத்தில் ஒரு நாள்கூட நான் நின்றதில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கோபம் போய் வெட்கமாகிவிட்டது.

அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். வாசத்துக்கு வந்தானோ என்னவோ, காளியண்ணன் நேராக உள்ளே வந்துவிட்டான். அவன் குரலைக் கேட்டதும் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர் மொள்ள வந்த அம்மாவின் கையில் கரண்டியைத் திணித்தேன். அம்மா கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதை மேடை மேல் வைத்துவிட்டு, "எம் பையன் ஆக்கியிருக்கறான் காளியண்ணா. உக்காரு, தின்னுட்டுப் போ" என்றாள். அவன் மூன்று தரம் வாங்கித் தின்றான். தின்றுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மிடா" என்கிறான்! தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊரெல்லாம் சொல்லியிருப்பான். சொன்னால் சொல்லட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் நேற்று டீக்கடையில் ஒருத்தன் "என்னங்ணா, ஊட்டுலயும் டூட்டியா?" என்றதும் என் முகம் சுருங்கித்தான் போனது. ஒரு வாரத்தில் மாறிவிடுகிற ஆள் இல்லை நான். உனக்குப் பொய் எழுத மாட்டேன். அப்படியும் டீயைக் குடித்துவிட்டு வந்து ராத்திரிக்கு ஆக்கினேன். அம்மாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா சுடுசோறு தின்று நான் பார்த்ததே இல்லை. ஊதி ஊதித் தின்றாள்.

"போ" என்று எழுதச் சொல்லிக் கேட்டாய். எழுதாமல் போனேன். இப்போது எழுதி என்ன பிரயோஜனம்? அதனால் வேறு கேட்கிறேன். நான் வரட்டுமா? முப்பதாம் தேதி திங்கட்கிழமை நீ ஆபீசுக்குப் போகும்போது சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போ. வேண்டாம் என்றால் அதையும் எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் உன்னைக் காக்க வைத்ததற்கு நீ எத்தனை நாள் காக்க வைத்தாலும் தகும்.

வருவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். சனிக்கிழமை நான் வைத்த சோற்றை அம்மாவும் நானும் காளியண்ணனும் தின்று, பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்து, மாட்டுக்கும் வைத்த பிறகும் மீந்துவிட்டது. என் கைக்கு ஒரே ஒரு அளவுதான் தெரிகிறது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. நீயும் பாப்பாவும் நானும் சாப்பிட எத்தனை டம்ளர் அரிசி போட வேண்டும்? எழுது.

குமரகுரு